ரேம்ல ஒரு பேஜ் கெட்டுப்போனா கெர்னல் யாரை நிறுத்தும்?

போன எபிசோட்ல பேஜ் டேபிள் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தோம். கேட்டவங்கள்ல சிலர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "அந்த பேஜ் இருக்கிற ரேம் சிப்பே கெட்டுப்போனா?" இன்னைக்கு அதைப் பத்தித்தான். லினக்ஸை வெச்சுப் பேசறேன்.

முதல்ல, ரேம் தப்பு பண்றது அபூர்வம்னு நினைக்காதீங்க. கூகுள் சர்வர்களை வெச்சு 2009-ல ஒரு ஆய்வு வெளிவந்தது. வருஷத்துக்கு ஏறக்குறைய மூணுல ஒரு மெஷின்ல, திருத்தக்கூடிய பிழை ஒண்ணாவது வந்திருக்கு. அது என்ன திருத்தக்கூடிய பிழை? சர்வர்ல போடுற ஈசிசி மெமரி, ஒவ்வொரு 64 பிட் டேட்டாவுக்கும் கூடுதலா 8 பிட் வெச்சிருக்கும். ஒரு பிட் புரண்டா அதைக் கண்டுபிடிச்சுத் திருத்திடும். ரெண்டு பிட் புரண்டா தப்புன்னு மட்டும் தெரியும், சரியானது எதுன்னு தெரியாது. நம்ம வீட்டு லேப்டாப்ல பெரும்பாலும் இந்த வசதியே கிடையாது. புரண்ட பிட் சத்தமில்லாம ஃபைலுக்குள்ள போய் உட்கார்ந்துக்கலாம்.

திருத்த முடியாத பிழைதான் கெர்னலுக்குத் தலைவலி. ப்ராசஸர் "மெஷின் செக்"னு ஒரு எக்ஸப்ஷனை எழுப்பும். ரொம்ப காலம் இதுக்கு இருந்த பதில் பானிக்தான், மொத்த மெஷினும் நின்னுடும். முரட்டுத்தனம்தான், ஆனா அதுல ஒரு நியாயம் இருக்கு. கெட்ட எண்ணை நல்ல எண்ணுன்னு நம்பி ஒருத்தரோட வங்கிக் கணக்குல எழுதறதுக்கு, நின்னுபோறது எவ்வளவோ மேல். ஆனா 512 ஜிபி ரேம் இருக்கிற சர்வர்ல, ஒரே ஒரு 4 கேபி பேஜ் கெட்டதுக்காக அதுல ஓடுற அத்தனை விர்ச்சுவல் மெஷினும் விழணுமா?

இன்டெல்ல இருந்த ஆண்டி க்ளீன் முன்னெடுத்த ஹெச்டபிள்யூபாய்சன் இதுக்காக வந்ததுதான். 2009 டிசம்பர்ல வெளியான 2.6.32 கெர்னல்ல சேர்ந்தது. கெட்ட பேஜுக்கு "விஷம்"னு முத்திரை குத்திடும், அப்புறம் அதை யாருக்கும் கொடுக்காது. ஆனா ஏற்கெனவே அதை வெச்சிருக்கிறவங்களை என்ன செய்யறது?

அது என்ன பேஜ்ங்கிறதைப் பொறுத்தது. யாரும் பயன்படுத்தாத பேஜா? ஒதுக்கி வெச்சா முடிஞ்சது. டிஸ்க்ல இருக்கிற ஃபைலோட நகலா, அதுல மாற்றம் எதுவும் இல்லையா? தூக்கிப் போட்டுட்டு மறுபடி படிச்சுக்கலாம், யாருக்கும் ஒண்ணும் தெரியாது. மாற்றம் செஞ்சு, இன்னும் டிஸ்க்குக்கு எழுதாத ஃபைல் பேஜ்னா அந்த மாற்றம் போச்சு. கெர்னல் அந்த ஃபைல் மேல ஒரு எர்ரரைப் பதிஞ்சு வைக்கும், ப்ரோக்ராம் எஃப்சிங்க் கூப்பிடும்போது அது தெரியவரும். எஃப்சிங்க் என்ன பதில் சொல்லுச்சுன்னே பார்க்காத ப்ரோக்ராமா இருந்தா, அவ்வளவுதான்.

மிச்சம் இருக்கிறது ப்ராசஸோட சொந்த மெமரி, ஹீப், ஸ்டாக் மாதிரி. இதுக்கு வேற நகல் கிடையாது. போன தடவை விர்ச்சுவல் முகவரியில இருந்து பிசிக்கல் பேஜுக்குப் போனோம் இல்லையா, இங்க தலைகீழாப் போகணும்: இந்த பிசிக்கல் பேஜை யார் யார் மேப் பண்ணியிருக்காங்க? அந்தத் தேடல் முடிஞ்சதும் கெர்னல் எல்லா மேப்பிங்கையும் அறுத்துடும். கெட்ட டேட்டாவை அந்த நொடியே படிக்கப் போன ப்ராசஸுக்கு சிக்பஸ் சிக்னல் போகும். அதைப் பிடிக்க ஹேண்ட்லர் இல்லைன்னா சாவுதான். மெமரி கன்ட்ரோலர் பின்னணியில துழாவும்போது முன்கூட்டியே கிடைச்ச பிழைன்னா அவசரம் இல்லை. வழக்கமான செட்டிங்ல, ப்ராசஸ் அந்த பேஜைத் தொடுற வரைக்கும் கெர்னல் அதை விட்டு வைக்கும். தொடவே இல்லைன்னா பிழைச்சுக்கும். எனக்கு இது சரியான முடிவாத்தான் படுது.

சிக்னலோட கெட்ட இடத்தோட முகவரியும் வரும், அதனால விவரமான ப்ரோக்ராம் தப்பிக்கலாம். க்யூஎம்யூ அதைத்தான் செய்யுது. சிக்பஸ்ஸைப் பிடிச்சு, முகவரியை உள்ளே ஓடுற கெஸ்ட்டோட முகவரியா மாத்தி, கெஸ்ட்டுக்கு ஒரு மெஷின் செக் அனுப்பும். உள்ள இருக்கிற கெர்னல் இதே வேலையைத் திரும்ப ஆரம்பிக்கும். ஒரு விஎம்முக்குள்ள ஒரு ப்ராசஸ் மட்டும் விழும், மத்ததெல்லாம் ஓடும்.

எல்லை எங்கன்னா, கெர்னலோட சொந்த டேட்டா. ஸ்லாப், பேஜ் டேபிள் இதுல விஷம் ஏறினா பெரும்பாலும் மீட்பு இல்லை. கெர்னல் அதைப் படிச்சா பழைய பானிக்தான். இன்னொண்ணு, 1 ஜிபி ஹ்யூஜ் பேஜ் போட்டிருக்கிறவங்க கவனிங்க. ஒரு நெல்லு சொத்தைன்னு மூட்டையையே தூக்கிப் போடுற மாதிரி, ஒரு இடம் கெட்டா அந்த 1 ஜிபி மொத்தமும் போகும்.

இவ்வளவு தூரம் வராம தடுக்கவும் வழி இருக்கு. ஒரே பேஜ்ல திருத்தக்கூடிய பிழைகள் திரும்பத் திரும்ப வந்தா அந்த இடம் தளர்ந்துட்டு வருதுன்னு சந்தேகப்படலாம். ராஸ்டீமன் மாதிரி ஒரு டீமன் இதை எண்ணிக்கிட்டே இருந்து, கெர்னல்கிட்ட "சாஃப்ட் ஆஃப்லைன்" கேட்கும். டேட்டா நல்லா இருக்கும்போதே வேற பேஜுக்கு நகல் எடுத்து, பழைய பேஜை ஓய்வுக்கு அனுப்பிடும். ப்ராசஸுக்குத் தெரியவே தெரியாது.

உங்க சர்வர்ல இப்பவே பார்க்கலாம். ப்ராக் டைரக்டரியில மெம்இன்ஃபோ ஃபைலைத் திறந்து "ஹார்ட்வேர் கரப்டட்"ங்கிற வரியைத் தேடுங்க. பூஜ்ஜியம்னா நல்லது. வேற எண் இருந்தா ரீபூட் பண்ணிட்டு நிம்மதியா இருந்துடாதீங்க. கெர்னல் குத்தின முத்திரையும் ரேம்லதான் இருக்கு, ரீபூட்ல அது அழிஞ்சுடும், கெட்ட சிப் அங்கேயேதான் இருக்கும். ஈடாக் பதிவுகள்ல எந்த ஸ்லாட்னு பார்த்து, அந்த டிம்மை மாத்துங்க.

அடுத்த எபிசோட்ல ரோஹேமர்.