அரசாங்கத்தின் கதவு அடைபடுமா?



மாசியும் பங்குனியும் வந்துவிட்டால் நாட்டில் ஒரு பேச்சு கிளம்பும். சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் படிக்கப்பெறும் காலம் அது. திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து செய்தித்தாளைப் புரட்டுகின்ற பெரியவர், "இத்தனை இலட்சம் கோடி கடனாம், இனிச் சம்பளம் எங்கிருந்து கொடுப்பார்கள்? ஆபீசுகளை எல்லாம் இழுத்து மூட வேண்டியதுதான்" என்று சலித்துக்கொள்வார். அமெரிக்காவில் அரசாங்கத்தையே மூடிவிட்டார்களாமே என்று பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். நம் மாநிலத்திலும் அவ்வாறு நேருமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

அப்பெரியவரின் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதில் இரண்டு வேறு செய்திகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. பணம் இல்லாமை என்பது ஒன்று. இருக்கும் பணத்தைத் தொடுவதற்கு இசைவு இல்லாமை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் முதலில் பிரித்துக் காண்போம்.

அமெரிக்க நடுவண் அரசாங்கத்தின் அலுவலகங்கள் பல 2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கி 43 நாட்கள் செயலற்றுக் கிடந்தன. அங்குப் பணம் தீர்ந்துவிட்டதென்று எவரும் சொல்லவில்லை. நாடாளுமன்றம் செலவுக்கு உரிய ஒப்புதலைத் தரவில்லை, அவ்வளவே. ஒப்புதல் இன்றிச் செலவு செய்யலாகாது என்னும் சட்டம் அந்நாட்டில் 1884ஆம் ஆண்டிலேயே உண்டு. எனினும் நெடுங்காலம் அதைச் சற்று நெகிழ்வாகவே கையாண்டு வந்தனர். 1980இல் அந்நாட்டுத் தலைமைச் சட்ட அதிகாரி, ஒப்புதல் இல்லையேல் பணிகளை நிறுத்தியே ஆகவேண்டும் என்று கருத்துரைத்தார். மூடல் என்பது அதன் பின்னரே வழக்கமாயிற்று. மாநில அளவிலும் இது நடந்ததுண்டு. மின்னசோட்டா என்னும் மாநிலத்தில் 2011இல் சுமார் 500 கோடி டாலர் பற்றாக்குறையை வரியால் ஈடுசெய்வதா, செலவைக் குறைத்து ஈடுசெய்வதா என்னும் பூசலில் ஆளுநரும் சட்டமன்றமும் உடன்பாடு காணவில்லை. ஜூலைத் திங்களில் ஏறத்தாழ மூன்று வாரம் பூங்காக்கள் அடைபட்டன. பல்லாயிரம் ஊழியர் ஊதியமின்றி வீட்டில் இருந்தனர்.

நம் அரசியலமைப்பு இதற்கு வேறு வழி வகுத்திருக்கிறது. மாநிலத்தின் வருவாயும் வாங்கும் கடனும் 266ஆம் பிரிவின்படி தொகுப்பு நிதி என்னும் ஒரே பெட்டியில் சேர்கின்றன. சட்டமன்றம் மானியக் கோரிக்கைகளை ஏற்று, நிதி ஒதுக்கச் சட்டத்தை நிறைவேற்றினால் அன்றி அதிலிருந்து ஒரு காசும் எடுக்க இயலாது. இந்த அளவில் நமக்கும் அமெரிக்கருக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் நம் நாட்டில் அமைச்சரவை சட்டமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றிருக்கும் வரைதான் ஆட்சியில் இருக்கும். பணம் கேட்டு அவை மறுத்துவிட்டால் அமைச்சரவை விலக நேரும், அலுவலகம் மூடப்படாது. அங்கே குடியரசுத் தலைவரும் நாடாளுமன்றமும் தத்தம் காலம் முடியும் வரை எதிரெதிரே நின்றுகொண்டிருக்கலாம். இங்கே அது முடியாது. காலம் போதாவிடில் சில மாதச் செலவுக்கு மட்டும் முன்பண மானியம் பெறுவதற்கு 206ஆம் பிரிவு இடம் தருகிறது. தேர்தல் ஆண்டுகளில் இடைக்கால வரவு செலவுத் திட்டம் என்று நாம் கேள்விப்படுவது இதனையொட்டியதே.

சட்டமன்றமே இல்லாமற் போனாலும் வழி உண்டு. 2016இல் உத்தரகாண்டு மாநிலத்தில் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறியதா இல்லையா என்பதே வழக்காயிற்று. மார்ச்சு 27ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. நிதியாண்டு முடிய நான்கு நாட்களே இருந்தன. ஏப்ரல் முதல் நாளன்று ஊதியம் நின்றுவிடக் கூடாதென்று, 31ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்றால் செலவுக்கு இசைவு தரப்பெற்றது. இந்திய வரலாற்றில் அமெரிக்க மூடலுக்கு மிக அருகே சென்ற நிகழ்ச்சி இதுவென்று கருதுகிறேன். நம் மாநிலத்திலும் 1976இல் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தபோது தமிழ்நாட்டின் வரவு செலவுத் திட்டம் தில்லி நாடாளுமன்றத்திலேயே நிறைவேறியது.

ஆக, இசைவு இல்லாமையால் நம் அரசாங்கம் மூடப்படுவதில்லை. பணம் இல்லாமையால்? கேள்வி இங்கேதான் கடினமாகிறது.

மாநிலங்களின் வங்கி இந்திய ரிசர்வு வங்கி ஆகும். வரவுக்கும் செலவுக்கும் இடையே சில நாள் இடைவெளி நேர்ந்தால் அவ்வங்கி வழிவகை முன்பணம் என்னும் கைமாற்று அளிக்கும். அதன் எல்லையையும் கடந்தால் ஓவர்டிராப்டு என்னும் மேலதிகப் பற்று. அந்நிலை தொடர்ந்து 14 வேலை நாட்களைத் தாண்டுமாயின், வங்கி அம்மாநிலத்தின் கொடுப்பனவுகளை நிறுத்திவிடும் என்பது விதி. இதைத் தவிர்க்க எந்த நிதிச் செயலாளரும் என்ன வேண்டுமானாலும் செய்வார். என்ன செய்வார்? ஒப்பந்தக்காரரின் பட்டியலைக் கருவூலத்தில் சில வாரம் காக்க வைப்பார், காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விடுவார், அகவிலைப்படியை ஒத்திவைப்பார். அலுவலகத்தின் கதவு திறந்தேயிருக்கும். உள்ளே நாற்காலிகள் காலியாகிக்கொண்டு வரும். நம் நாட்டு மூடல் இவ்வகையானது. நாளிதழில் தலைப்புச் செய்தியாக வராது.

பற்றாக்குறை என்றாலே தீமை என்று எண்ணிவிட வேண்டாம். நம் மாவட்டத்துக் குடியானவர் கிணறு வெட்டக் கடன் வாங்குகிறார். வேறொருவர் விதைக்கு வைத்த நிலக்கடலையை, நம் பக்கத்தில் மல்லாட்டை என்போமே, அதனை விற்றுத் தின்றுவிட்டு மறுபருவத்தில் விதை வாங்கக் கடன் கேட்கிறார். இரண்டும் கடனே, ஆனால் ஒன்றல்ல. முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கித் தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பெற்று 1958இல் நிறைவுற்ற சாத்தனூர் அணை இன்றும் நம் நிலங்களுக்கு நீர் தருகிறது. அத்தகைய பணிக்காக வாங்கும் கடனும் சேர்ந்தது நிதிப் பற்றாக்குறை. அன்றாடச் செலவுக்கே, அதாவது ஊதியம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகியவற்றுக்கே, வருவாய் போதாமற் போவது வருவாய்ப் பற்றாக்குறை. செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் முன்னது. நாம் கவலையோடு நோக்க வேண்டியது பின்னது.

இடையே ஒரு செய்தி. 'அண்ணாமலையார் கோயில் உண்டியல் பணம் கோடிக்கணக்கில் அரசாங்கத்துக்குத்தானே போகிறது, பின் ஏன் பற்றாக்குறை?' என்று மாணவர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. கோயிலின் வருவாய் கோயிலின் கணக்கிலேயே இருக்கிறது. நிருவாகத்துக்கும் தணிக்கைக்கும் உரிய ஒரு பங்கு மட்டும் அறநிலையத் துறைக்குச் செலுத்தப்பெறுகிறது. கார்த்திகைத் தீபத்தன்று எத்தனை இலட்சம் பேர் வந்தாலும் மாநிலத்தின் பற்றாக்குறை அதனால் தீராது.

இனி, நம் மாநிலம் கண்ட பெரும் நெருக்கடிக்கு வருவோம். 2001 ஆகஸ்டில் நிதியமைச்சர் பொன்னையன் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். கருவூலம் வறண்டுவிட்டது என்பதே அதன் சாரம். பேருந்துக் கட்டணம் உயர்ந்தது. அரசு ஊழியரின் சலுகைகள் பல குறைக்கப்பட்டன. 2002இல் மழையும் பொய்த்தது. 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பணியிற் சேர்வோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியமே உண்டு என்று ஆயிற்று. அவ்வாண்டிலேயே நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் வந்தது. அரசு ஊழியரும் ஆசிரியரும் 2003 ஜூலை 2ஆம் நாள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 4ஆம் நாள் அவசரச் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ 1,70,000 பேர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். தற்காலிக ஊழியர் அமர்த்தப்பெற்றனர். அலுவலகங்கள் உள்ளிருந்தே மூடிக்கொண்ட நாட்கள் அவை.

அந்நாட்களில் என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் தந்தை, வானம் பார்த்த நிலத்தை உழுபவர், கடைத்தெருவில் என்னை நிறுத்திக் கேட்டார்: "உங்களுக்கென்ன ஐயா, மாதம் பிறந்தால் சம்பளம்; எங்களுக்கு மழை பிறந்தால்தான். உங்கள் சண்டையில் என் பையன் படிப்பு ஏன் நிற்க வேண்டும்?" அவர் கேட்டது தவறன்று. ஆனால் அவருடைய சினம் பற்றாக்குறையை உண்டாக்கிய முடிவுகளின் மேல் செல்லாமல், கண்முன் நிற்கும் ஆசிரியர் மேல் பாய்ந்தது. கருவூலம் வறளுங்கால் இஃது எங்கும் நேர்வது. ஊழியருக்கும் உழவருக்கும் பகை மூட்டுவது எளிது. அன்றைய அரசாங்கம், சிறு தொகையினரான ஊழியருக்கே வரி வருவாயின் பெரும்பகுதி போகிறது என்று மீண்டும் மீண்டும் சொல்லியது. அது முழுப் பொய்யுமன்று. ஆனால் அந்த ஊதியத்தை வாங்குவோரில் சிற்றூர்ச் செவிலியும் பள்ளி ஆசிரியையும் அடங்குவர் என்பதைச் சேர்த்துச் சொன்னால் தோற்றம் வேறாகும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மன்னிப்பும் உறுதிமொழியும் பெற்றுக்கொண்டு பெரும்பாலோரை மீண்டும் சேர்த்துக்கொள்ள அரசாங்கம் இசைந்தது. எனினும் 2003 ஆகஸ்டு 6ஆம் நாள் தீர்ப்பில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று நீதிமன்றம் உரைத்தது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி அணி தமிழ்நாட்டின் 39 இடங்களையும் இழந்தது. உடனே சிக்கன நடவடிக்கைகள் பல திரும்பப் பெறப்பட்டன. வியப்பு என்னவென்றால், 2005-06இல் வருவாய்க் கணக்கில் பற்றாக்குறை நீங்கி மிகையே காணப்பெற்றது. தொழிலும் வணிகமும் பெருகி, வரி வருவாய் வளர்ந்ததே அதற்குப் பெருங்காரணம்.

அந்த நிலை நீடிக்கவில்லை. 2013-14 முதல் வருவாய்ப் பற்றாக்குறை மீண்டும் தொடர்ந்தது. 2021 ஆகஸ்டு 9ஆம் நாள் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராசன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020-21இன் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.61,320 கோடி என்றது. நிதிப் பற்றாக்குறை ரூ.92,305 கோடி. இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: வாங்கிய புதுக்கடனில் மூன்றில் இரண்டு பங்கு அன்றாடச் செலவிலேயே கரைந்திருக்கிறது! கொரோனாத் தொற்றின் ஆண்டு அது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆனால் செய்தித்தாள்கள் பற்றிக்கொண்ட எண் வேறு. குடும்பம் ஒன்றுக்கு ரூ.2,63,976 கடன் என்பது அது. மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. கணக்குச் சரி, ஆயினும் எந்தக் குடும்பத்தின் வாசலிலும் வந்து அத்தொகையை எவரும் கேட்கப் போவதில்லை. குடும்பத் தலைவர் பிறர்மேல் வரி விதிக்க முடியாது, அரசாங்கம் முடியும். அந்த எண் அச்சத்தை விளைவித்ததே அன்றி, அறிவைத் தரவில்லை.

மாநில வரி விதிக்கும் ஆற்றலும் சுருங்கிவிட்டது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் தானே முடிவு செய்யத்தக்கவையாக மாநிலத்திடம் எஞ்சியவற்றுள் முதன்மையானவை பெட்ரோல், மதுவகை, பத்திரப் பதிவு, ஊர்தி ஆகியவற்றின் மீதான வரிகளே. குடிப்பவரை நம்பிப் பள்ளிக்கூடம் நடத்துவது எனக்கு உவப்பானதன்று. ஆயின் அக்கடையை மூடச் சொல்வோர் அவ்வருவாய்க்கு மாற்று யாதென்றும் சொல்லக் கடமைப்பட்டவர். விருப்பம்போல் கடன் வாங்கலாம் என்றாலோ, மைய அரசுக்கு ஏற்கெனவே கடன்பட்ட மாநிலம் அதன் இசைவின்றிக் கடன் வாங்கலாகாது என்று 293ஆம் பிரிவு தடுக்கிறது. 2021-26க்கான 15ஆம் நிதி ஆணையம் மைய வரிகளில் மாநிலங்களுக்குப் பகிரும் தொகையில் தமிழ்நாட்டுக்கு அளித்த பங்கு நூற்றுக்கு 4.079. முன்னொரு காலத்தில் அது 6க்கும் மேலிருந்தது.

ஒத்திவைத்தல் என்று முன்னர்ச் சொன்னேன். அதன் பயன் மாணவராகிய உங்களைத்தான் சேர்கிறது. 2020 ஏப்ரலில் அகவிலைப்படி நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. ஓய்வுபெறுவோர்க்குத் தரவேண்டிய பெருந்தொகை அதனால் தள்ளிப்போயிற்று. கருவூலத்துக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. ஆனால் அவர்கள் எழுந்து போக வேண்டிய நாற்காலிகள் அவ்விரண்டாண்டும் காலியாகவில்லை. மாவட்ட நூலகத்தில் தேர்வாணையப் புத்தகங்களோடு காலை முதல் மாலை வரை அமர்ந்திருந்த இளைஞர்களுக்கு ஓய்வினால் உண்டாகும் பணியிடங்கள் அந்த அளவு குறைந்தன. அவர்கள் வயதோ ஏறிக்கொண்டிருந்தது. நேரடி நியமனத்துக்குரிய வயது வரம்பு 30இலிருந்து 32ஆக உயர்த்தப்படும் என்று 2021 செப்டம்பரில் அரசாங்கம் அறிவித்தது.