செத்தும் ஓயாத ஃபார் லாப்: திரைக்குப் பின்னால் ஒரு ரவுண்டு!

செருப்புச் சத்தம் கேட்காமல் வாருங்கள். மெல்பர்ன் மியூசியத்தில் இதோ ஒரு பெரிய கண்ணாடிப் பேழை. உள்ளே செம்பழுப்பு நிறத்தில் கம்பீரமாக நிற்கிறாரே, அவர்தான் தலைவர், பந்தயக் குதிரை ஃபார் லாப்! தோள் வரைக்கும் அளந்தாலே சுமார் 174 சென்டிமீட்டர். தோலுக்கடியில் நரம்பு புடைத்திருப்பதுகூடத் தெரிகிறது. விளக்கை இவ்வளவு மங்கலாக வைத்திருக்கிறார்களே, கஞ்சத்தனமா என்று கேட்காதீர்கள். வெளிச்சம் அதிகமானால் ரோமம் வெளுத்துப்போகும்.

செத்து 90 வருஷத்துக்கு மேலாகியும் தலைவரைப் பார்க்கக் கூட்டம் குறையவில்லை. ஆனால் ஒரு ரகசியம்: இங்கே இருப்பது தோல் மட்டும்தான்! எலும்பெல்லாம் கடல் தாண்டி நியூசிலாந்தின் வெலிங்டனில். இதயமோ கான்பெராவில், ஒரு கண்ணாடி ஜாடிக்குள். ஒரே குதிரைக்கு மூன்று ஊரில் தரிசனம் எப்படி வந்தது? அந்தப் பின்கட்டுக்குத்தான் இப்போது போகிறோம்.

முதலில் தலைவரின் ஜாதகம். 1926இல் நியூசிலாந்தில் பிறந்தவர். ஹாரி டெல்ஃபோர்ட் என்ற ட்ரெய்னர், ஏலப் பட்டியலில் வம்சாவளியைப் பார்த்தே மயங்கி, டேவிட் டேவிஸ் என்ற அமெரிக்க வியாபாரியின் காசில் 160 கினிக்கு வாங்க வைத்தார். குதிரை கப்பலில் வந்து இறங்கியது. நெடுநெடுவென்ற உருவம், முகமெல்லாம் மரு. டேவிஸுக்கு வந்ததே கோபம்! 'பயிற்சிக்கு ஒரு பைசா தரமாட்டேன்' என்று கைவிரித்துவிட்டார். டெல்ஃபோர்டே மூன்று வருஷம் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்: மொத்தம் 51 ஓட்டம், 37 வெற்றி.

காலமும் அப்படி. உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். ஆஸ்திரேலியாவில் தொழிலாளர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. பையில் மிச்சமிருந்த ஒரு ஷில்லிங்கை நம்பிப் போட ஒரு குதிரை கிடைத்தால் விடுவார்களா? ஜனங்கள் கொண்டாடினார்கள், புக்கிகள் வயிற்றில் நெருப்பு. 1930 நவம்பர் 1, சனிக்கிழமை காலை. பயிற்சி முடித்துத் திரும்பிய குதிரையை நோக்கி ஓடும் காரிலிருந்து யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள்! குறி தப்பியது. தலைவர் என்ன செய்தார் தெரியுமா? அன்று மத்தியானமே ஓடி ஜெயித்தார். மூன்றே நாளில் மெல்பர்ன் கோப்பையையும் தட்டிக்கொண்டு வந்தார்.

இனி 1932. மார்ச் 19 அன்று சிட்னி துறைமுகப் பாலம் திறப்பு விழா, நாடே குதூகலம். மறுநாள் மெக்சிகோவின் அக்வா காலியன்டே மைதானத்தில் ஃபார் லாப் வெற்றி, அதுவும் அந்த மைதானத்தின் பழைய சாதனையை முறியடித்து! இரட்டைத் தீபாவளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அமெரிக்காவையே ஒரு கலக்கு கலக்கப்போகிறார் என்று காத்திருந்தால், பதினாறாம் நாள் இடி. ஏப்ரல் 5, கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் அருகே ஒரு பண்ணை. லாயத்துக்குப் போன டாமி வுட்காக், குதிரை வலியில் துடிப்பதைப் பார்த்தார். இவர்தான் தலைவரின் நிழல். லாயத்திலேயே படுத்துத் தூங்குவார்; இவர் கையால் கொடுத்தால்தான் குதிரை தீனியைத் தொடும் என்பார்கள். அவர் கண்ணெதிரிலேயே சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

செய்தி தந்தி வழியாகக் கடலைத் தாண்டியது. கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின. இரங்கல் பாட்டு ஒன்று இசைத்தட்டாகவே வந்தது. ஆனால் ஒரு சிக்கல். அழ ஆள் இருக்கிறது, மாலை போட உடல் இல்லை! எங்கோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கிடக்கிறது. எழவு வீடு இல்லாத எழவு. இங்கேதான் பின்கட்டு ஆட்கள் வேலையை ஆரம்பித்தார்கள்.

முதலில் பத்திரிகைக்காரர்கள். குடல் நோய் என்று போட்டால் ஒரு நாள் செய்தி. விஷம் வைத்தார்கள் என்று சந்தேகம் கிளப்பினால்? அமெரிக்க சூதாட்டக் கும்பல்தான் காரியத்தை முடித்துவிட்டது என்ற பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. மரங்களுக்கு அடித்த பூச்சிமருந்து புல்லில் படிந்து குதிரை வயிற்றுக்குள் போயிருக்கலாம் என்றும் ஒரு விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தில் வில்லன் இல்லையே, யாருக்கு வேண்டும்! துக்கத்துக்கு ஒரு எதிரி கிடைத்துவிட்டால் அது சீக்கிரம் ஆறாது. இந்தச் சூட்சுமம் அன்றைய பத்திரிகை ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அடுத்து பங்கு பிரிக்கும் படலம். 'தோல் எங்களுக்கு' என்றது மெல்பர்ன் மியூசியம். 'இதயம் எங்களுக்கு' என்றது கான்பெராவின் உடற்கூறு நிறுவனம். 'பிறந்த மண் நாங்கள், எலும்பாவது கொடுங்கள்' என்றது நியூசிலாந்து. ஆளுக்கொன்றாகப் போய்ச் சேர்ந்தது. பாகப்பிரிவினை, ஆனால் கோர்ட்டுக்குப் போகாத பாகப்பிரிவினை!

தோல் போய்ச் சேர்ந்த இடம் நியூயார்க். பாடம் செய்வதில் பெயர் பெற்ற ஜோனஸ் பிரதர்ஸ் பட்டறை. பழைய பாணியில் வைக்கோலைத் திணித்துத் தைத்து, உப்பிய மூட்டையாக நிறுத்திவிடுகிற வேலை அங்கே கிடையாது. அளவுகளையும் புகைப்படங்களையும் வைத்து முதலில் தசை தசையாக உருவத்தைச் செதுக்கி, அதன்மேல் தோலைப் போர்த்துவார்கள். சிற்பி பாதி, தையற்காரர் பாதி என்று வையுங்கள். மாதக்கணக்கில் உழைத்து முடித்து, அந்த வருஷக் கடைசியில் தலைவரைக் கப்பலேற்றினார்கள். ஓடும்போது பார்க்கக் காசில்லாதவர்கள்கூட இப்போது வரிசையில் நின்று பார்த்தார்கள்.

இதயத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். 6.2 கிலோ! சாதாரணக் குதிரை இதயத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போது ஆஸ்திரேலிய தேசிய மியூசியத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் கேட்பது 'இதயம் எங்கே?' என்றுதானாம். ஆனால் அருகில் போய்ப் பார்த்தால் இதயம் அறுபட்டுத் திறந்து கிடக்கும். பிரேதப் பரிசோதனைக் கத்தியின் வேலை அது. 'இது ஃபார் லாப்புடையதே இல்லை, ஏதோ வண்டிக்குதிரையின் இதயம்' என்று கிளப்பிவிட்டவர்களும் உண்டு.

இதயம் என்றால் அமெரிக்காவின் செக்ரடேரியட்டைச் சொல்லாமல் நகர முடியாது. பந்தயக் குதிரைகளின் தலை, இதயம், குளம்பு ஆகியவற்றை மட்டும் புதைப்பது அங்கே ஒரு வழக்கம். 1989இல் இறந்த செக்ரடேரியட்டுக்கோ முழு உடலுடன் அடக்கம். அதன் இதயம் சுமார் 10 கிலோ என்று உலகமே பேசுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதைத் தராசில் யாரும் வைக்கவே இல்லை! பரிசோதித்த மருத்துவரின் கண்மதிப்புதான் அந்தக் கணக்கு.

சரி, கடைசிக் கட்டத்துக்கு வருவோம்: துப்பறியும் அறை! மெல்பர்னில் நிற்கும் தலைவரின் பிடரியிலிருந்து ஆறு மயிரை எடுத்து, 2006இல் சிகாகோ அருகே ஒரு பிரம்மாண்டமான எக்ஸ்ரே கருவியில் வைத்தார்கள். தேடியது ஆர்சனிக்கை, அதாவது நம்மூர் பாஷாணத்தை. ஆனால் பாடம் செய்தவர்களும் தோல் கெடாமலிருக்க அதையே தடவியிருக்கிறார்கள். வெளியே பூசியது எது, ரத்தம் வழியாக மயிருக்குள் ஏறியது எது என்று பிரித்துப் பார்த்ததுதான் சாமர்த்தியம். சாவதற்கு 30, 40 மணி நேரத்துக்கு முன் பெரிய அளவில் பாஷாணம் உள்ளே போயிருக்கிறது என்று 2008இல் அறிவித்தார்கள்.

'பார்த்தீர்களா, கொலைதான்!' என்று துள்ளாதீர்கள். அதே 2008இல் டெல்ஃபோர்டின் பழைய நோட்டுப்புத்தகம் ஒன்று ஏலத்துக்கு வந்தது. மெல்பர்ன் மியூசியம் 37,000 டாலர் கொடுத்து எடுத்தது. உள்ளே குதிரைகளுக்கான டானிக் குறிப்புகள். அவற்றில் என்ன சேர்மானம் என்கிறீர்கள்? பாஷாணம்! கூடவே எட்டிக்காயில் இருக்கும் ஸ்ட்ரைக்னைன்! அந்தக் காலத்து லாயங்களில் இதெல்லாம் சர்வசாதாரணம். பசியைத் தூண்டும், மேனி பளபளக்கும் என்று நம்பினார்கள். ஆக, பாசத்தோடு கொடுத்த டானிக்கே கொஞ்சம் கூடிப்போனதோ? இன்னொரு பக்கம், பழைய பரிசோதனைக் குறிப்புகளைப் படித்த குதிரை மருத்துவர்கள், கடுமையான குடல் அழற்சி என்று 2000இலேயே சொல்லிவிட்டார்கள்.

நடுவில் ஒரு சந்திப்பும் நடந்தது. 2010இல் மெல்பர்ன் கோப்பையின் 150ஆவது ஓட்டத்தையொட்டி, வெலிங்டன் எலும்புகள் விருந்தாளியாக மெல்பர்னுக்கு வந்தன. தோலும் எலும்பும் ஒரே கூரையின் கீழ்! பிறகு ஒரு உடற்கூறு நிபுணர் அந்த எலும்புகளைக் கழற்றி, பழைய கோர்வையில் இருந்த பிசகுகளைச் சரிசெய்து மறுபடி கோத்தார்.

பட்டறைக்காரர் செதுக்கிய உடம்பு, பத்திரிகை ஊதிய சந்தேகம், விஞ்ஞானி எடுத்த மயிர், ஏலத்தில் வந்த நோட்டு: இத்தனை பேர் உழைப்பில்தான் ஒரு குதிரையின் சாவு இன்னும் சூடு ஆறாமல் இருக்கிறது. கொன்றது யார் என்று நாளைக்கே தீர்ப்பு வந்துவிட்டால் யாருக்கு நஷ்டம், சொல்லுங்கள்? மூன்று மியூசியங்களுக்கும், என்னைப்போல் எழுதிப் பிழைப்பவர்களுக்கும்தான். வழக்கு நிலுவையிலேயே இருக்கட்டும்!