கட்ச் பெண்களின் பூத்தையல்: வறட்சியில் பிறந்த 'ஸ்ருஜன்'

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பூத்தையல் பெண் கலைஞர்களுக்காகச் செயல்படும் 'ஸ்ருஜன்' அமைப்பு, 1969-ஆம் ஆண்டு வறட்சியின்போது உருவானது. நிவாரணப் பணிக்காக தனேட்டி கிராமத்துக்குச் சென்ற சந்தா ஷ்ராஃபிடம், இலவச உணவை ஏற்கத் தயங்கிய மக்கள் வேலை கேட்டனர். பெண்களின் உடைகளில் இருந்த பூத்தையலைக் கண்ட அவர், சேலைகளில் அதைச் செய்யச் சொன்னார். மும்பை கண்காட்சியில் அவை விற்றுத் தீர்ந்தன.

மணப்பெண்ணின் சீருக்காகத் தைக்கப்பட்டுவந்த கலை இது. துணியும் நூலும் வீடு தேடி வர, தைத்த பெண்ணின் கைக்கே கூலி சேர்ந்தது. ஆனால் சீர்த் துணிகளைத் தைத்து முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆனதால் திருமணங்கள் தள்ளிப்போயின. 1995-இல் தேபாரியா ரபாரி சமூகம் சொந்தப் பயன்பாட்டுக்கான பூத்தையலையே தடைசெய்தது. தாயிடம் மகள் கற்ற வழி அங்கு அடைபட்டது.

பழைய தையல் முறைகளைத் துணிகளில் ஆவணப்படுத்திய ஷ்ராஃபுக்கு 2006-இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. அத்துணிகளை, 2016-இல் அஜ்ரக்பூரில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் காணலாம்.