இடுப்பு மூட்டு ஆபரேஷன்: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

‘சின்னக் கீறல், மறுநாளே நடக்கலாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு டாக்டர் தேடுகிறவர்கள் உண்டு. வலியால் ராத்திரி புரண்டு படுக்க முடியாதவருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பது புரிகிறது. ஆனால் வழக்கமான கீறலிலும் இன்று பலரை மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். அந்த விளம்பரத்தை வைத்து டாக்டரை முடிவு செய்யாதீர்கள்.

கெட்டுப்போன பந்தை எடுத்துவிட்டு, தண்டோடு கூடிய புதுப் பந்தைத் தொடை எலும்பில் இறக்கி, இடுப்பெலும்பில் புதுக் கிண்ணம் பொருத்துவதுதான் இந்த ஆபரேஷன். பழைய முறையில் கீறல் 20 செ.மீ.யைத் தாண்டும், சிறு கீறலில் சுமார் 8 முதல் 12 செ.மீ. பின்பக்கமாகப் போனால் சில சிறு தசைகளை எலும்பிலிருந்து பிரித்து மறுபடி தைக்க வேண்டும். முன்பக்கமாகப் போகிறவர்கள் தசைகளுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாக நுழைகிறார்கள். அதனால் முதல் சில வாரங்கள் வலி குறைவாக இருக்கலாம், வாக்கரைச் சீக்கிரம் விடலாம். ஓராண்டு போனபின் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

ஆனால் முன்பக்கச் சந்து குறுகலாக இருப்பதால் டாக்டருக்கு வேலை கடினம். தொடை எலும்பில் விரிசல் விழலாம். தோல் நரம்பு இழுபட்டு வெளித்தொடை மரத்துப்போகலாம். ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேட்டை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முன்பக்க முறையில் ஒரு டாக்டர் 50 பேருக்காவது செய்த பிறகுதான், மறு ஆபரேஷன் விகிதம் நன்கு பழகியவர்களின் அளவுக்கு இறங்குகிறது.

ஆகவே முதல் கேள்வி: “டாக்டர், இதே முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க? போன வருஷம் எத்தனை?” போர்டில் ‘ஆயிரக்கணக்கான மூட்டுகள்’ என்று இருந்தால், அதில் இடுப்பு எத்தனை, முழங்கால் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். நம் ஊரில் முழங்கால்தான் அதிகம் நடக்கிறது. அடுத்து, எத்தனை பேருக்கு மூட்டு நழுவியது, சீழ் பிடித்தது என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். தொங்கும் வயிறு, பிறவிக் கோணல், பழைய பிளேட் உள்ளவர்களிடம் “உங்களுக்குப் பெரிய கீறல்தான் பாதுகாப்பு” என்று சொல்கிறவரை நான் கூடுதலாகவே நம்புவேன்.

இப்போதே மூட்டை மாற்ற வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். இங்கே முப்பது, நாற்பது வயதிலேயே பலர் வருகிறார்கள். ஸ்டீராய்டு, மது போன்ற காரணங்களால் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனவர்கள். எம்.ஆர்.ஐ.யில் ஆரம்பக் கட்டம் என்று தெரிந்தால், பந்தைக் காப்பாற்றும் சிகிச்சையை முதலில் முயலலாம். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

சம்மணம் போட்டு உட்காரலாமா, இந்தியன் டாய்லெட்டுக்குப் போகலாமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பின்பக்க முறையில் ஆரம்ப வாரங்களில் ஆழமாகக் குனிவதும் குந்துவதும் மூட்டை நழுவ வைக்கலாம். தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் அதை முன்கூட்டியே சொன்னால்தான் டாக்டர் அதற்கேற்பத் திட்டமிட முடியும்.

பொருத்தப்போகும் மூட்டின் கம்பெனி, மாடல், அதன் பொருள் (பீங்கானா, உலோகமா, பிளாஸ்டிக்கா) எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். 2010இல் டிப்யூ நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டுகளைத் திரும்பப் பெற்றபோது, இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்ட பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மூட்டு வரும் பெட்டியில் லாட் எண்ணோடு சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். தியேட்டரில் அவற்றைப் பிரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒன்றை ஒட்டித் தரச் சொல்லுங்கள். அதைப் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.