மாடு சொல்லாததை மரபணு சொல்லும்

கன்று வீச்சு நோயைச் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியும். சிக்கல் அதற்குப் பிறகுதான்

சினையின் கடைசி மாதங்களில் மாடு திடீரென்று செத்த கன்றை வீசுகிறது. கண் பட்டுவிட்டது என்பார்கள். தீவனம் சரியில்லை என்பார்கள். பல சமயம் குற்றவாளி புருசெல்லா என்ற பாக்டீரியா. கன்று வீச்சு நோயைப் பரப்பும் இந்தக் கிருமி மனிதர்களையும் விடுவதில்லை. காய்ச்சாத பாலைக் குடித்தவர்களும் வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுத்தவர்களும் விட்டு விட்டு வரும் காய்ச்சலிலும் மூட்டு வலியிலும் மாதக் கணக்கில் அவதிப்படலாம்.

ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்க நாட்கள், சில சமயம் வாரங்கள் பிடிக்கும். வளர்ப்பவருக்கே தொற்றும் அபாயம் வேறு. ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ரோஸ் பெங்கால் சோதனை மலிவானது, நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் எஸ்-19 தடுப்பூசி போட்ட மாடும் அதில் சில சமயம் நோயாளியாகத் தோன்றி ஏமாற்றும்.

இங்கேதான் பி.சி.ஆர். நுழைகிறது. 1983இல் இந்த உத்தியை உருவாக்கிய கேரி முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. வீசப்பட்ட கன்றின் இரைப்பைத் திரவத்திலோ மாட்டின் பாலிலோ கிருமியின் டி.என்.ஏ. துளி இருந்தால் போதும்; அதைக் கோடிக்கணக்கில் பிரதியெடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சிக்கியது தடுப்பூசிக் கிருமியா, நிஜ எதிரியா என்று பிரித்துச் சொல்லும் மரபணுச் சோதனைகளும் உண்டு.

ஆனாலும் இது மந்திரக்கோல் அல்ல. கிருமி பாலில் தொடர்ந்து வெளிப்படுவதில்லை. எடுத்த மாதிரியில் அது இல்லையென்றால் நோயுள்ள மாடும் தப்பிவிடும். எனவே ரத்தச் சோதனையும் கூடவே தேவை. தவிர, பி.சி.ஆர். கருவி கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் இருப்பதில்லை. மாதிரியைக் குளிர்ச்சி கெடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

முடிவு வந்த பிறகு? மாட்டைக் குணப்படுத்த நடைமுறைக்கு ஏற்ற சிகிச்சை கிடையாது. நோயுள்ள மாடுகளைக் கொன்று, உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்தே பல நாடுகள் நோயை விரட்டின. பசுவதைத் தடை பல மாநிலங்களில் உள்ள இந்தியாவில் அந்த வழி எளிதல்ல. கடன் வாங்கி மாடு வாங்கியவர் அதைச் சத்தமில்லாமல் சந்தைக்கு ஓட்டிப்போனால், நோய் அடுத்த ஊர்த் தொழுவத்துக்குப் போய்ச் சேரும்.

மிச்சமிருப்பது தடுப்பூசி. கோமாரியையும் கன்று வீச்சையும் கட்டுப்படுத்த 2019இல் மத்திய அமைச்சரவை ரூ. 13,343 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே ஒரு ஊசி. அது நாளைய மாடுகளைக் காக்கும். இன்று நோயோடு நிற்கும் மாட்டை விற்காமல் தனியே கட்டி வைக்கிறவரின் நஷ்டத்தை யார் ஏற்பது? அதற்குப் பதில் கிடைத்தால்தான் சோதனைக்குப் பலன்.