தேவர் நகருக்குச் செல்லுமுன்…

பாங்காக் என்று உலகம் அழைக்கும் நகரத்தைத் தாய்லாந்து மக்கள் ‘குருங் தேப்’ என்கிறார்கள். தேவர்களின் நகரம் என்பது பொருள். 1782-ஆம் ஆண்டு முதலாம் இராமா என்ற மன்னர் தலைநகராக்கிய அவ்வூருக்கு மிக நீண்ட முழுப்பெயரும் உண்டு. இந்திரன் ஏவ, விசுவகர்மா நிர்மாணித்த நகரம் என்ற செய்தி அப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது. விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. அங்கே, தேவரும் அசுரரும் வாசுகியைப் பற்றிப் பாற்கடலைக் கடையும் பெரிய சிற்பத்தைக் காணலாம்.

இத்தகைய ஊருக்குப் பிள்ளைகளின் அன்பான ஏற்பாட்டில் செல்லும் பெரியவர்கள் பலர், கடைவீதியையும் கடற்கரையையும் மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். சுற்றுலா நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத கோயில் நம் பயணத்திலும் இல்லாமற் போகிறது. ஆகவே, சீட்டு எடுப்பதற்கு முன்பே, எந்தெந்த சந்நிதிகளுக்குச் செல்ல வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் இராஜாக்கமங்கலம் பகுதி மக்களுக்குச் சுசீந்திரம் பழகிய தலம். தாணு, மால், அயன் ஆகிய மூவரும் ஒருவராய் அங்கே எழுந்தருளியிருக்கிறார்கள். அம்மூவரையும் பாங்காக்கிலும் தரிசிக்கலாம். 1784-இல் எழுந்த ‘தேவஸ்தான்’ என்னும் ஆலயத்தில் சிவபெருமானுக்கும் விநாயகருக்கும் திருமாலுக்கும் தனித்தனிச் சந்நிதிகள் உள்ளன. 1956-இல் அமைந்த எரவான் சந்நிதியில் நான்முகப் பிரமன் அருள்பாலிக்கிறார். பௌத்தர்களான தாய்லாந்து மக்கள் நாள் முழுவதும் அங்கே மலர்மாலை சாத்தி வணங்குவது காணத்தக்கது. சீலோம் சாலையிலுள்ள மகா மாரியம்மன் கோயில், 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. அதன் கோபுரத்தைக் கண்டதும் நம் ஊருக்கே வந்துவிட்ட உணர்வு தோன்றும்.

இவற்றுள் தேவஸ்தான் ஆலயத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம். அரசவை அந்தணர்கள் ஆண்டுதோறும் அங்கே ‘திரியம்பவாய் – திரிபவாய்’ என்ற விழாவை நடத்துகிறார்கள். திருவெம்பாவை, திருப்பாவை என்பவையே இவ்வாறு திரிந்தன என்பது அறிஞர் கருத்து. கடல் கடந்து சென்ற தமிழ்ப் பாசுரம், உச்சரிப்பு மாறியும், ஓதுவோருக்கே பொருள் மறந்தும், ஒரு வழிபாடாக உயிரோடு இருக்கிறது! ஆலயத்தின் எதிரே நிற்கும் மாபெரும் சிவப்பு ஊஞ்சல் சட்டம் இவ்விழாவுக்கு உரியது. ஆபத்து கருதி ஊஞ்சலாட்டம் 1930-களில் நிறுத்தப்பட்டது. இப்போதுள்ள தேக்குச் சட்டம் 2007-இல் புதுப்பிக்கப்பட்டது.

விழா பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களை ஒட்டி வரும். சந்திர மாதக் கணக்கானதால் நாள் ஆண்டுதோறும் மாறும். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே வெயிலும் மழையும் குறைவு. ஓய்வூதியம் பெறுவோர் நவம்பரில் ஆயுள் சான்றிதழைக் கொடுத்துவிட்டுக் கவலையின்றிப் புறப்படலாம்.

வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், தாய்லாந்துத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே சீட்டு எடுங்கள். வங்கி அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்த, அந்த வசதியை நாமே கேட்டுத் திறந்துவைக்க வேண்டும். பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் சற்றுக் கூடுமே என்று மறைத்தால், அயல்நாட்டு மருத்துவமனையில் படுக்கும் நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம்; சேமிப்பு முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். மருந்துகளை அட்டை பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வேளை தவறாமல் மாத்திரை உண்போர் இதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

உணவில் கவனம் தேவை. காய்கறி உணவு என்று கொடுப்பதிலும் மீன் சாறு கலந்திருக்கக்கூடும். ‘ஜே’ என்று சொல்லிக் கேட்டால் புலால், முட்டை மட்டுமன்றிப் பாலும் பூண்டும் சேராத உணவு கிடைக்கும். மாரியம்மன் கோயில் இருக்கும் சீலோம் பகுதியில் நம்மவர் உணவகங்களும் உண்டு. அங்கேயே தங்கினால் அலைச்சல் குறையும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். காலையில் ஓர் ஆலயம், நண்பகல் ஓய்வு, மாலையில் ஓர் ஆலயம் என்று வைத்துக்கொண்டால் மூன்று நாள்கள் போதும். ஒரு காலைப் பொழுதை மரகத புத்தர் ஆலயத்துக்கு ஒதுக்கலாம். அதன் சுற்றுமண்டபத்தில் இராமகாதை முழுவதும் 178 ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்ல வேண்டும்.

தேவஸ்தானுக்குச் செல்லும்போது திருவெம்பாவைப் புத்தகம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிவபெருமான் சந்நிதியில் அமர்ந்து இருபது பாடல்களையும் மெல்லிய குரலில் ஓதுங்கள். பொருள் மறந்துபோன இடத்தில் பொருள் உணர்ந்து பாடும் பேறு நமக்குக் கிடைக்கும். கால்கள் ஒத்துழைக்கும்போதே அந்தப் பேற்றைப் பெற்றுவிட வேண்டும்.