பூட்டிய வீட்டில் பற்றும் தீ: மலையக லயங்கள் வேண்டி நிற்கும் பாதுகாப்பு

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தோட்டக் குடியிருப்புகளில் தீ பரவி வீடுகள் நாசமாகும் செய்திகள் அடிக்கடி வெளிவந்தவண்ணமே உள்ளன. அச்செய்திகளில் பெரும்பாலும் ஒரு வாசகம் இடம்பெறுவதை வாசகர்கள் அவதானித்திருப்பர். தீ ஏற்பட்ட வேளையில் வீட்டில் எவரும் இருக்கவில்லை என்பதே அது. உயிர்ச்சேதம் இல்லை என்ற ஆறுதலை அந்த வாசகம் தருகின்றது. ஆனால், ஆளில்லாத வீட்டில் பற்றும் தீ, ஆளிருக்கும் வீட்டில் பற்றும் தீயைக் காட்டிலும் சில வகைகளில் அபாயம் மிக்கது. அணைக்கச் செல்பவருக்கு அது கூடுதல் ஆபத்தைத் தருகின்றது. லயத்தின் ஏனைய குடும்பங்களுக்கோ கூடுதல் இழப்பைத் தருகின்றது. இது ஏன் என்பதையும், இதற்கு யார் பொறுப்பு என்பதையும் விளங்கிக்கொள்வது அவசியம் எனக் கருதுகின்றோம்.

ஆளில்லாத வீடு என்றதும் கைவிடப்பட்ட பாழ்மனையே நகரவாசிகளின் நினைவுக்கு வரும். தோட்டத்தில் நிலைமை வேறு. காலையில் பெரட்டு முடிந்து தொழிலாளர்கள் மலைக்குச் சென்றதும், சிறுவர்கள் பாடசாலைக்கும் குழந்தைகள் பிள்ளை மடுவத்துக்கும் போனதும், முழு லயமுமே பல மணி நேரத்துக்கு வெறிச்சோடிவிடுகின்றது. இளைஞர்களும் யுவதிகளும் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் தொழில் தேடிச் சென்றமையால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் காம்பராக்களும் உள்ளன. மண்சரிவு எச்சரிக்கையினால் மக்கள் வெளியேறிய லயங்கள் மற்றொரு வகையாகும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி மலையகத்தைத் தாக்கியபோது, இவ்வாறு குடியிருப்புகளை விட்டு வெளியேறியோர் பலர். இவ்வீடுகள் அனைத்திலும் பொதுவான அம்சம் ஒன்றுதான். தீ பற்றினால் அதனைத் தொடக்கத்திலேயே கண்டு கூவி அழைக்க உள்ளே எவரும் இருப்பதில்லை. கூரையின் வழியே புகை வெளிப்பட்ட பின்னரே அயலவர் அறிகின்றனர். தீயை ஒரு வாளி நீரால் அணைக்கக்கூடிய அந்த முதற் சில நிமிடங்கள் அதற்குள் கழிந்துவிடுகின்றன.

அடுத்ததாக லயத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். கோப்பிக் காலத்தில் தொடங்கி, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்ட பின்னர் விரிவடைந்த பெருந்தோட்டங்களில், தொழிலாளரை ஒரே இடத்தில் அடக்கி வைக்கும் நோக்குடன் கட்டப்பட்டவையே இந்த நெடும் வரிசைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பராவும் அதன் முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பும் ஒரு குடும்பத்துக்குரிய பங்காகும். சில லயங்களில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசையாக நிற்கின்றன. இவை யாவும் ஒரே தகரக் கூரையின் கீழ் உள்ளவை. பல பழைய லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரையின் உச்சிவரை எழுப்பப்படவில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடம் லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையின்றி நீள்கின்றது. சூடான புகையும் தீ வாயுக்களும் மேலெழும் இயல்புடையவை. அவை தகரத்தில் மோதிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. பல ஆண்டுகளாக அடுப்புப் புகையில் காய்ந்து கரி படிந்த மரச்சட்டங்களும், மழைக்காலத்துக்காக மேலே அடுக்கிய விறகும், தடுப்புக்காகக் கட்டிய சாக்கும் பொலித்தீனும் அவற்றுக்கு எரிபொருளாகின்றன. ஆதலால் முதலாம் காம்பராவில் பற்றிய தீ அடுத்த வீட்டின் கதவைத் தட்டி வருவதில்லை. மேலே ஓடி, நான்காம் ஐந்தாம் வீடுகளின் உச்சியிலிருந்து கீழிறங்குகின்றது. ஒரு வீட்டில் தொடங்கிய தீ பத்து வீடுகளைக் கொண்டு செல்வதன் இரகசியம் இதுவே.

பூட்டிய வீட்டினுள் நிகழ்வது இன்னொரு விடயம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஒட்சிசன் உள்ளது. கதவும் சன்னலும் மூடியிருக்கும் சிறு காம்பராவில் தீ அந்த ஒட்சிசனை விரைவில் தீர்த்துவிடுகின்றது. சுவாலை தணிகின்றது, ஆனால், வெப்பம் தணிவதில்லை. எரிந்து முடியாத வாயுக்கள் அறையெங்கும் நிறைந்து காற்றுக்காகக் காத்திருக்கின்றன. இந்நிலையில் உதவும் நல்லெண்ணத்துடன் ஒருவர் கதவை உடைத்துத் திறந்தால், உட்புகும் காற்று அவ்வாயுக்களை ஒரே கணத்தில் பற்றவைத்து, வெடிப்பைப் போல் சுவாலையை வாசல் வழியே வெளியே தள்ளும். கதவின் இடுக்குகளில் புகை வெளியேறுவதும் உள்ளிழுக்கப்படுவதுமாக மூச்சு விடுவதுபோல் தோன்றுவதும், சன்னல் கண்ணாடி கறுத்துச் சூடேறியிருப்பதும் இதன் அறிகுறிகள். பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் இதனாலேயே எடுத்த எடுப்பில் கதவைத் திறப்பதில்லை. வெப்பவாயு மேல்வழியாக வெளியேற வகைசெய்து, நீர்க்குழாயைத் தயார்நிலையில் வைத்த பின்னரே உள்ளே செல்கின்றனர். வெளியில் நின்று பார்ப்போருக்கு இது தாமதமாகவும் அசிரத்தையாகவும் தோன்றலாம். உண்மையில் அது உயிர் காக்கும் ஒழுங்குமுறையாகும்.

வீட்டில் எவரும் இல்லையென்றால் வீரர்கள் ஏன் உள்ளே செல்ல வேண்டும் எனச் சிலர் வினவலாம். ஆளில்லை என்பதை எவரால் உறுதியாகச் சொல்ல முடியும் என்பதே அதற்கான பதில். வெளிப்பூட்டு தொங்கும் வீட்டில் நோயுற்ற முதியவர் படுத்திருக்கலாம். பாடசாலை செல்லாத பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கலாம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் வன்முறைக் கும்பல்களால் எரியூட்டப்பட்டபோது, எரிந்த கட்டடமொன்றிலிருந்து மறுநாள் இளைஞர் ஒருவரின் சடலம் மீட்கப்பட்டமையை எமது மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது விபத்தன்று, திட்டமிட்ட கொடுமை. எனினும், எரியும் கட்டடம் எதுவாயினும் அதனுள் மனிதர் இருக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே அதனை அணுக வேண்டும் என்ற பாடத்தை அது கனத்த மனத்துடன் உணர்த்துகின்றது.

இந்தப் பாடத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1999 டிசம்பர் 3ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் கைவிடப்பட்ட குளிர்பதனக் களஞ்சியம் ஒன்று தீப்பற்றியது. வீடற்றவர்கள் உள்ளே தங்கியிருக்கலாம் என்ற தகவலால் வீரர்கள் தேடச் சென்றனர். சன்னல்களற்ற அக்கட்டடத்தில் புகையில் வழிதவறிய இருவரைத் தேடிச் சென்ற நால்வரும் மீளவில்லை. அறுவர் உயிரிழந்தனர். அங்கு தங்கியிருந்த இருவரோ தீ பற்றியதும் எவருக்கும் அறிவிக்காமல் முன்னரே வெளியேறியிருந்தனர். உள்ளே எவரும் இல்லை என்ற ஒரு சொல் உரிய வேளையில் கிடைத்திருந்தால் அந்த அறுவரும் வீடு திரும்பியிருப்பர். அதேபோன்று, 2022 ஜனவரி 24ஆம் திகதி பால்டிமோர் நகரில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஆளில்லாத ஒன்று எரிந்தபோது, அது இடிந்து விழுந்ததில் மூன்று தீயணைப்பு வீரர்கள் பலியாகினர். அதே வீட்டில் 2015ஆம் ஆண்டிலும் தீ ஏற்பட்டு வீரர்கள் காயமடைந்திருந்தனர். அக்காலத்தில் அந்நகரில் ஏறத்தாழ 15,000 வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. வரிசை வீடுகள், பொதுச் சுவர்கள், பராமரிப்பற்ற கட்டடம், பொறுப்பேற்க ஆளின்மை என்ற அந்த வர்ணனை எமது லயங்களுக்கும் அப்படியே பொருந்துகின்றதல்லவா?

இனி ஹட்டனுக்கு வருவோம். இலங்கையில் தீயணைப்புச் சேவை பிரதானமாக உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில், குறிப்பாக மாநகர சபைகளினதும் நகர சபைகளினதும் பொறுப்பில் இயங்குகின்றது. ஹட்டன்–டிக்கோயா நகர சபையின் தீயணைப்புப் பிரிவினரும் நுவரெலியா மாநகர சபையின் பிரிவினரும் தம்மால் இயன்றதைச் செய்கின்றனர். ஆயினும், அவிசாவளை – ஹட்டன் – நுவரெலியா வீதியின் வளைவுகளையும், மூடுபனியையும், அதன் பின்னர் தோட்டத்துக்குள் செல்லும் குன்றும் குழியுமான ஒற்றைப் பாதைகளையும் கடந்து ஒரு நீர்த்தாங்கி வாகனம் மேற்பிரிவு லயத்தை அடையும்போது, கூரை பெரும்பாலும் கீழே விழுந்திருக்கும். சில லயங்களுக்கு வாகனம் செல்லும் பாதையே இல்லை. கொண்டுவந்த நீர் தீர்ந்தால் மீள நிரப்ப இடமும் இல்லை. பீலிக்கரையில் குடத்தை நிரப்பப் போதுமான நீர் குழாயை நிரப்பப் போதாது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் கரைகளில் வாழும் மக்கள் வாளி நீருக்கு வரிசையில் நிற்கும் விசித்திரம் இதுவே. ஆகவேதான், இத்தீக்களில் முதலில் களமிறங்குவோர் சீருடை அணிந்த வீரர்களல்லர். தோட்ட இளைஞர்களே கூரைமீது ஏறித் தகரங்களைக் கழற்றி வீசி, தீ தாவுவதைத் தடுக்கின்றனர். தலைக்கவசமோ கையுறையோ இன்றி அவர்கள் செய்யும் அப்பணிக்கு எவ்விதப் பயிற்சியும் வழங்கப்படுவதில்லை.

இதன் பின்னணியில் ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தமது நிதியைச் செலவிடுவதற்கு நீண்ட காலம் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே அவர்களின் லயத்துக்கு ஒரு குழாயைப் பொருத்த முடியாத நிலை நிலவியது. 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நோர்வூட், மஸ்கெலியா முதலிய புதிய பிரதேச சபைகளும் தேர்தல் மூலம் உருவாகின. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஏற்படுத்தப்பட்டது. ஆனால், தடை நீங்கியதால் மட்டும் தண்ணீர் வந்துவிடவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவடைந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடைபெறும்வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே அவை இயங்கின. இப்போது தெரிவாகியுள்ள சபைகளுக்குக் கைகட்டி நிற்க முன்னைய சாக்குப்போக்கு எதுவும் இல்லை.

தீ அணைந்த பின்னரும் துன்பம் அணைவதில்லை. நிலம் அரசுக்குரியது, 1992 முதல் அதன் நிர்வாகம் கம்பனிகளிடம் உள்ளது, வீட்டில் தலைமுறைகளாக வாழ்பவருக்கோ அதன்மீது உறுதிப்பத்திரம் இல்லை. தனதென்று நிரூபிக்க முடியாத வீட்டுக்குக் காப்புறுதியும் இல்லை. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதி ஆவணங்கள், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள் ஆகியன சாம்பலாகின்றன. பிரஜாவுரிமைக்காகப் பல தசாப்தங்கள் போராடிய ஒரு சமூகத்துக்கு ஆவணத்தின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. கோயில் மண்டபத்திலும் பாடசாலைக் கட்டடத்திலும் தற்காலிகமாகத் தங்கவைக்கப்படும் குடும்பங்களுக்கு, ஹட்டன் நகர வர்த்தகர்களும் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் உடையும் உணவும் வழங்குவது எமது மக்களின் பண்பு. ஆனால், தருமம் நியாயமான நட்டஈட்டுக்கு மாற்றாகாது.

செய்யக்கூடியவை பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பெரும் பணம் தேவைப்படாதவை. காம்பராக்களுக்கு இடையிலான சுவர்களைக் கூரைவரை உயர்த்தி அடைப்பது முதலாவது. அந்த ஒரு வேலையே தீயின் ஓட்டத்தைத் தடுக்கும் வல்லமை கொண்டது. ஒவ்வொரு பிரிவிலும் எந்தக் காம்பரா பூட்டியுள்ளது, பகலில் எந்த வீட்டில் முதியவரோ நோயாளியோ தங்குகின்றார் என்ற பட்டியலைத் தோட்ட நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் பேண வேண்டும். தீயணைப்பு வீரர் கேட்கும் முதற் கேள்விக்கு அப்பட்டியலே விடையாகும். குடியிருக்கத் தகாத லயங்களை அடையாளமிட்டு அகற்ற வேண்டும். அமெரிக்க நகரங்கள் பல, உட்புகுவது ஆபத்தான வெற்றுக் கட்டடங்களில் எச்சரிக்கைக் குறிப் பலகை பொருத்துகின்றன. மலைச்சரிவின் இயல்பைப் பயன்படுத்தி ஒவ்வொரு லயத்துக்கும் மேலே ஒரு நீர்த்தாங்கி அமைத்தால், இயந்திரமின்றியே குழாயில் அழுத்தம் கிடைக்கும். தோட்ட இளைஞர்களைத் தொண்டர் அணிகளாகத் திரட்டி, நகர சபைத் தீயணைப்புப் பிரிவினர் மூலம் பயிற்சி அளிக்க வேண்டும். பழைய மின்வடங்களையும் ஒரே இணைப்பிலிருந்து பல வீடுகளுக்கு இழுத்த கம்பிகளையும் மாற்றுவதற்கு மின்சார சபையும் கம்பனிகளும் உடன்பட வேண்டும்.

குடியிருப்போர் கவனத்திற்கும் சிலவற்றைக் கூறுவது எமது கடமை. வீட்டைப் பூட்டிச் செல்லுமுன் அடுப்பின் தணலை நீரூற்றி அணையுங்கள். சுவாமி விளக்கை எரியவிட்டுச் செல்லாதீர்கள். எரிவாயுச் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். மணம் உணர்ந்தால் மின்விளக்கின் ஆளியைத் தொடாது கதவைத் திறந்துவிட வேண்டும். திறப்பு யாரிடம் உள்ளது என்பதை அயலவருக்குச் சொல்லிச் செல்லுங்கள். ஆவணங்களின் பிரதிகளை உறவினர் வீட்டில் வையுங்கள். தீ கண்டவுடன் 110 இலக்கத்துக்கும், அது கிடைக்காதவிடத்து பொலிஸாரின் 119 இலக்கத்துக்கும் அழையுங்கள். காயமடைந்தோருக்கு 1990 அம்பியூலன்ஸ் சேவையையும், மின்சாரத்தைத் துண்டிக்க மின்சார சபையின் 1987 இலக்கத்தையும் நாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேறியவர்கள் யாவரும் ஓரிடத்தில் கூடி, உள்ளே எவரும் இல்லை என்றோ, இன்னார் உள்ளனர் என்றோ வீரர்களிடம் தெளிவாகக் கூறுங்கள்.

இவை யாவும் இடைக்கால ஏற்பாடுகளே. தனித்தனிக் காணியில் தனித்தனி வீடு என்பதே நிரந்தரத் தீர்வு. இந்திய உதவியுடனான வீடமைப்புத் திட்டமும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலதிகமாக அறிவித்த 10,000 வீடுகளும் அத்திசையில் எடுத்து வைக்கப்பட்ட அடிகள். ஆனால், அந்த அடிகளின் வேகம் போதாது. மலையக மக்கள் இம்மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் பூர்த்தியானதை 2023இல் நினைவுகூர்ந்தோம். இருநூறு ஆண்டு உழைப்பின் பின்னரும் ஒரு குடும்பத்தின் அடுப்புத் தணல் பத்துக் குடும்பங்களின் தலைவிதியைத் தீர்மானிக்கும் நிலை நீடிக்கின்றது. எரிந்த லயத்தைப் பார்வையிட வரும் அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் நிவாரணப் பொதிகளுடன் திரும்பிச் செல்வது போதுமானதன்று. எரியாதிருக்கும் லயங்களுக்கு அவர்கள் இன்றே செல்ல வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.